பத்து விரலும் பதினோரு சுண்டுவிரலும்

மண்டைக்காடு புதூர் பெபிஷாவின் பத்து விரல்களும், அவள் கல்யாணம் கழிந்த திங்கட்கிழமை தொட்டு, மணவாளக்குறிச்சிக் கடற்கரையைப் பார்த்தே நின்றன. அது இரண்டாயிரத்து இருபத்திமூன்றாம் வருஷம் ஜனவரி மாதம். அன்று வெயில் நன்றாக இருந்தது, பிரியாணி பத்தாமல் போகவில்லை, மாப்பிள்ளை டிஜோவின் கோட்டு மட்டும் தோளில் கொஞ்சம் பிடித்தது. விரல்களை யாரும் கவனிக்கவில்லை. மாதா கோவில் படியில் நின்று எடுத்த படங்களில், பூச்செண்டைப் பிடித்த இரண்டு கையும் ஒரே பக்கமாகச் சாய்ந்திருப்பதைப் பார்த்த போட்டோக்காரர், இந்தப் பிள்ளைக்கு நிற்கச் சொல்லித் தர வேண்டியதே இல்லை என்று பாராட்டிவிட்டுப் போனார். மறு வாரம் நாகர்கோவிலில் உறவுக்காரர் வீட்டு விருந்தில் விரல்கள் மேற்கே திரும்பின. மார்த்தாண்டத்துக்குத் துணி எடுக்கப் போன அன்று தெற்கே திரும்பின. வலி இல்லை, வீக்கம் இல்லை. பிடித்து நேராக்கினால் நேராகும். கையைத் தளர்த்தினால் மெதுவாக, அவசரமே இல்லாமல், தங்கள் பக்கத்துக்குப் போய்ச் சேரும்.

காரணம் பெமிலாவுக்குத் தெரியும். அவள் மார்த்தாண்டத்தில் பேருந்து நிலையத்துக்குப் பின்னால் நகம் செய்யும் கடை வைத்திருக்கிறாள். நகம் செய்வது என்றால் சாயம் பூசுவது மட்டும் இல்லை. ராவி, மெருகிட்டு, ஜெல் தடவி, நீல வெளிச்சம் வரும் லாம்புக்குள் கையை வைத்துக் காய வைத்து, வேண்டியவர்களுக்கு நகத்தை நீட்டியும் கொடுப்பது. பெபிஷா கேட்டது பூனைக்கண். அந்த ஜெல்லுக்குள் இரும்புப் பொடி இருக்கும். தடவி ஈரம் காயும் முன் மேலே காந்தத்தைப் பிடித்தால், பூனையின் கண்ணில் தெரிகிற மாதிரி ஒரு வெள்ளிக் கோடு எழும்பி நிற்கும். ஜெல்லுக்குச் சொல்லி அனுப்பிய பார்சல் மதுரையில் எங்கேயோ கிடந்தது. பழைய குப்பி இறுகிப் போயிருந்தது. விடிந்தால் கல்யாணம். மணவாளக்குறிச்சிக் கரையில் வளர்ந்தவர்களுக்கு ஒரு விஷயம் சொல்லித் தர வேண்டியதில்லை: அந்தக் கறுப்பு மண்ணில் ஒரு காந்தத்தை இழுத்தால் அதற்குத் தாடி முளைக்கும். பெமிலாவும் சின்ன வயதில் அப்படிக் காந்தத்துக்குத் தாடி வளர்த்து விளையாடியவள்தான். ஞாயிற்றுக்கிழமை காலையில் அவள் அம்மா வீட்டுக்குப் போய், கரையில் ஒரு ஊறுகாய்க் குப்பி நிறைய மண் எடுத்து, நைலான் துப்பட்டாவில் மூன்று தடவை சலித்து, நிறமில்லாத ஜெல்லில் கலந்தாள். காந்தத்தைப் பிடித்தாள். கடையில் வாங்கும் குப்பியில் எழும்பாத மாதிரிக் கோடு எழும்பி நின்றது. அவளுக்கே கொஞ்சம் பெருமையாக இருந்தது.

பத்து நாள் கழித்து பெபிஷா வந்து கையை மேசைமேல் வைத்தபோது, விரல் பத்தும் மெல்லத் தெற்கே ஊர்ந்து போனதைப் பெமிலா பார்த்தாள். ஜெல் நீக்கியில் நனைத்த பஞ்சை வைத்து வெள்ளித் தாளில் பொதிந்தாள். அசையவில்லை. மெஷினில் ராவினாள், மெஷினின் முனை இரண்டு தேய்ந்து போயின. நகத்தை ஒட்ட வெட்டிப் பார்த்தாள். வேரிலிருந்து வளர்ந்து வந்த புது நகத்துக்குள்ளும் அந்த வெள்ளிக் கோடு இருந்தது. கல்யாண அலைச்சல், நரம்புத் தளர்ச்சியாக இருக்கும், கொஞ்ச நாளில் சரியாகும் என்று சொல்லி அனுப்பிவிட்டாள். அவள் செய்த தப்பு மண்ணைக் கலந்தது ஒன்று, இப்படிச் சொன்னது இன்னொன்று.

இந்த மாவட்டத்தில் நகம் செய்கிறவர்கள் மாதத்தின் முதல் செவ்வாய்க்கிழமை ஒன்றுகூடுவார்கள். மொத்தம் பதினோரு பேர். பத்துப் பெண்கள், ஒரு ஜிபின். தக்கலையில் முன்பு டியூட்டோரியல் நடந்த ஒரு மாடி அறை அவர்களுக்குக் கிடைத்திருந்தது. பெஞ்சுகளும் கரும்பலகையும் அப்படியே இருந்தன. கூட்டத்தைத் தொடங்கியவள் ஜெயபாய். சார்ஜாவில் பதினோரு வருஷம் நகம் செய்துவிட்டுத் திரும்பி, தக்கலையில் கடை வைத்தவள். ஒருத்தி கொச்சிக்குப் போய் ஒரு புது வேலை படித்து வந்தால் அந்த மாதமே மற்றவர்களுக்குச் செய்து காட்ட வேண்டும். முகூர்த்த மாதங்களில் ஒருத்தி கடையில் ஆள் நிறைந்தால் இன்னொருத்திக்கு அனுப்ப வேண்டும். அருமனை பிந்துவுக்கு விரல் இடுக்கெல்லாம் தோல் உரிந்து, யாரிடமும் சொல்லாமல் கையுறைக்குள் மறைத்துக்கொண்டு திரிந்தபோது, ஜெயபாய்தான் அவள் கையைப் பிடித்துப் பார்த்து, காயாத ஜெல் தோலில் பட்டுப் பட்டு ஒவ்வாமல் போயிருக்கிறது என்று கண்டுபிடித்தாள். ஆறு மாதம் பிந்து ஜெல்லைத் தொடவில்லை. அவளுடைய கல்யாணப் பெண்களை மற்றவர்கள் முறை வைத்து அவள் கடையிலேயே போய்ச் செய்து கொடுத்தார்கள். அதை யாரும் பெரிதாகச் சொல்லிக் கொள்ளவில்லை.

கூட்டத்துக்கு ஒரு வழக்கம் உண்டு. அந்த மாதம் செய்த தப்பு ஒன்றைச் சொல்லாமல் யாரும் நகம் ராவும் அரத்தைக் கையில் எடுக்கக் கூடாது. கோவிலில் பாவசங்கீர்த்தனம் செய்கிறதைப் போலத்தான், ஆனால் இங்கே எல்லோர் காதிலும் விழும்படி சொல்ல வேண்டும். லாம்பு எரியும்போது கரண்டு போய்ப் பாதி காய்ந்த நகத்தோடு ஒருத்தியை வீட்டுக்கு அனுப்பியது, நீட்டி வைத்த நகம் ஒன்று சாளைக் கறிக்குள் விழுந்து தேட வைத்தது, இப்படி. குளச்சல் குளோரி சொல்லும் தப்புகளைக் கேட்கவே சிலர் சீக்கிரம் வருவார்கள். ஒரு நெத்திலிக்காரி பெருவிரலில் தான் நகத்தை ஒரு நூல் கூர்மையாக ராவிவிட்டதாகவும், அவள் திட்ட வருவாள் என்று பார்த்தால், மீன் தலை கிள்ள நல்ல தோதாக இருக்கிறது, மற்றக் கையிலும் அப்படியே போடு என்று வந்து நின்றதாகவும் ஒருமுறை சொன்னாள். தப்புச் சொன்னவளை யாரும் ஏசக் கூடாது. ஆனால் ஒரு தப்புக்கு மன்னிப்பு இல்லை. கம்பெனிப் பேர் ஒட்டாத எதையும் ஜெல்லில் கலக்கக் கூடாது. பெயிண்ட் கடைத் தின்னரைக் கலந்து ஒரு காலேஜ் பிள்ளையின் நகக்கண்ணை வேக வைத்த ஒருத்தியை இரண்டு வருஷத்துக்கு முன் ஒரே நாளில் நீக்கினார்கள். அதற்கப்புறம் அவளுக்கு ஆள் அனுப்ப ஒருவரும் இல்லை, லாம்பு கெட்டால் இரவல் கொடுக்க ஒருவரும் இல்லை. ஓணத்துக்குள் கடையை எடுத்துவிட்டாள்.

ஆகவே பெமிலா பிப்ரவரியிலிருந்து ஆகஸ்டு வரை ஏழு செவ்வாய்க்கிழமையும் வேறு வேறு தப்பு சொன்னாள். அடிப்பூச்சு தடவ மறந்தேன் என்றாள். ஒருத்திக்கு இடது கை நகம் நீண்டும் வலது கை நகம் குட்டையாகவும் ஆகிவிட்டது என்றாள். ஒருநாள் ஜெயபாய் அவளை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "ஒனக்க தப்பெல்லாம் இஸ்திரி போட்ட மாதிரி இருக்கேட்டி" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். பெமிலாவும் சிரித்தாள்.

இதற்குள் பெபிஷா ஏப்ரலில் மஸ்கட் போய்ச் சேர்ந்திருந்தாள். திருவனந்தபுரம் விமான நிலையத்தில் ரேகை வைக்கும் கண்ணாடியில் அவள் விரல்கள் நேராக உட்காரவில்லை; அதிகாரி சலித்துப்போய், உடம்பைத் திருப்பிக்கொண்டு நில்லுங்கள் என்றார், அப்படி நின்றதும் பதிந்தது. மஸ்கட்டில் விரல்கள் தென்கிழக்கே நின்றன. டிஜோ அங்கே ஒரு ரோடு போடும் கம்பெனியில் நிலம் அளக்கும் வேலையில் இருக்கிறான். அவன் மார்பில் அவள் கை வைத்தால், அவள் கண்ணயர்ந்ததும் அந்தக் கை ஊர்ந்து ஜன்னல் பக்கம் போய்விடும். ஒரு மாதம் அவன் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பிறகு ஒரு பேச்சுக்காகத் தன் அம்மாவிடம் போனில் சொன்னான். அம்மா குளச்சலில் இருந்துகொண்டே முடிவு சொன்னாள்: அந்தப் பிள்ளைக்கு ஊரில் ஆள் உண்டு. மனசு இருக்கிற இடத்துக்குத்தான் கை போகும். டிஜோ கேட்டான், பெபிஷா இல்லை என்றாள். மறுபடி கேட்டான், அவள் அழுதாள், அதை அவன் வேறு மாதிரி எடுத்துக்கொண்டான். மூன்று மாதம் ஒரே வீட்டில் பேச்சில்லாமல் இருந்தார்கள். செப்டம்பர் பதினைந்துக்கு அவளை ஊருக்கு அனுப்ப டிக்கெட் போட்டான். திரும்பி வரும் டிக்கெட் போடவில்லை.

அதைச் சொல்ல பெபிஷாவின் அம்மா ஒரு சனிக்கிழமை பெமிலாவின் கடைக்கு வந்தாள். அவளுக்கு நகம் ஒன்றும் செய்ய வேண்டியிருக்கவில்லை. வாடிக்கைக்காரி எழும்பிப் போகும்வரை சுவர்ப் பக்கம் உட்கார்ந்திருந்தாள்.

"மக்கா, ஒண்ணு கேட்டா சத்தியமா சொல்லுவியா?" என்றாள். "கல்யாணத்துக்கு மொத நாளு நாலு மணிக்கூர் அவளுக்க கையைப் பிடிச்சிட்டு இருந்தியே. பெத்தவகிட்ட சொல்லாதத ஒனக்கிட்ட சொல்லியிருப்பா. ஆரையாவது பத்திப் பேசினாளா?"

"இல்லக்கா. பேசினதெல்லாம் மாப்பிள்ளையப் பத்தித்தான். அவரு கொறட்டை விடுவாரோ என்னமோன்னு கேட்டா."

"அதத்தான் நானும் சொல்லுதேன். ஆரு கேக்கிறாவ?" என்று சொல்லி, அந்த அம்மா முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு எழும்பினாள். கேட்டதுக்கு ஒன்றும் நினைத்துக்கொள்ளாதே என்றும் சொன்னாள். மண் இருந்த ஊறுகாய்க் குப்பி, அவள் உட்கார்ந்திருந்த இடத்துக்கு மேலே அலமாரியில்தான் இருந்தது. அன்றைக்கும் மறுநாளும் அவள் செய்த நகங்களில் நாலு குமிழ் விட்டன. இத்தனை வருஷத்தில் அவளுக்கு அப்படி ஆனதில்லை.

செவ்வாய்க்கிழமை அவள் தக்கலைக்குக் குப்பியோடு போனாள். குளோரி அவித்த மரச்சீனிக் கிழங்கும் மீன்கறியும் கொண்டு வந்திருந்தாள், கட்டன் சாயா ஆறிக்கொண்டிருந்தது. பெமிலாவின் முறை ஐந்தாவது. அவள் பெஞ்சிலிருந்து எழும்பி நின்றாள். அப்படி எழும்பி நிற்கும் வழக்கம் அங்கே இல்லை.

"நான் மண்ணு கலந்தேன்" என்றாள். "ஜனவரியில. கடல் மண்ணு. அந்தப் பிள்ளைக்க விரலு அந்த மண்ணு கெடக்கிற கரையப் பாத்தே நிக்குது. ஆளு உண்டுன்னு சொல்லி அவளத் திருப்பி அனுப்பப் போறாவ. ஆளு இல்ல. மண்ணுதான்."

பார்சல் வராததிலிருந்து அம்மா வந்து கேட்டதுவரை ஒன்று விடாமல் சொன்னாள்.

"ஏட்டி, மண்ணையா?" என்றாள் குளோரி. "மினுக்கம் வேணும்னா எனக்கிட்ட கேட்டா தர மாட்டனா?"

பெமிலா தன் அரம், தூரிகை, லாம்பு எல்லாவற்றையும் பைக்குள் எடுத்து வைக்கத் தொடங்கினாள். விதி அவளுக்குத் தெரியும். தின்னர்க்காரியை நீக்க முதலில் கை தூக்கியவளே அவள்தான்.

"எங்கட்டி கெளம்புத?" என்றாள் ஜெயபாய். "மண்ணு மிச்சம் இருக்கா?"

"இருக்கு. எதுக்கக்கா?"

"கண்ணால பாக்காம ஒரு பிள்ளைக்கு எப்பிடி சாட்சி சொல்ல? போடு." ஜெயபாய் தன் இடது கைச் சுண்டுவிரலைத் துடைத்து மேசைமேல் நீட்டினாள்.

அடுத்ததாக பிந்து நீட்டினாள், தோலில் படாமல் போடு என்று மட்டும் சொன்னாள். குளோரி சிலுவை போட்டுக்கொண்டு நீட்டினாள். ஜிபின் ஞாயிற்றுக்கிழமை பூசைக்குக் கீபோர்டு வாசிக்கிறவன். சுண்டுவிரல் ஒரு பக்கமாகப் போனால் பாட்டு எந்தப் பக்கம் போகும் என்று கேட்டான். ஒனக்க பாட்டு இப்பவும் நேராவா போகுது என்று குளோரி கேட்டதும் அவனும் நீட்டினான். கடைசியில் பெமிலா தனக்கும் போட்டுக்கொண்டாள். லாம்பிலிருந்து கையை எடுத்த சற்று நேரத்தில் பதினோரு சுண்டுவிரலும் மெல்லக் கிளம்பி, தெற்குச் சுவரைப் பார்த்து நின்றன. அந்தச் சுவருக்கு அந்தப் பக்கம் கக்கூஸ்.

"படிச்சுப் படிச்சுச் சொல்லியும் எல்லாம் கக்கூசப் பாத்துல்லா நிக்குது" என்றான் ஜிபின். சாயா புரையேறும் வரை சிரித்தார்கள். பெமிலா சிரிக்கவில்லை. அவள் ஒவ்வொரு விரலாகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஜிபின் போனில் படம் பிடித்தான். முதலில் அறைக்குள், பிறகு படிக்கட்டில், பிறகு கீழே ரோட்டோரம் எல்லோரையும் சுற்றிச் சுற்றி நடக்கவைத்து. ஆள் எப்படித் திரும்பினாலும் விரல் திரும்பவில்லை. கடைசியில் ஜெயபாய் போனுக்கு நேராக நின்று பேசினாள்.

"டிஜோ தம்பி, நான் தக்கலை ஜெயபாய். பெண்ணுங்களுக்க கையைப் பிடிக்கியதுதான் இருபத்திரண்டு வருஷமா எனக்க சோலி. ஒரு கை பொய் சொல்லுதா இல்லியான்னு எனக்குத் தெரியும். ஒனக்க பெண்ணுக்க விரலு ஆளுக்குப் பொறத்தால போகல்ல, மண்ணுக்குப் பொறத்தால போகுது. தப்பு எங்களுக்கது. ஏசணும்னு தோணிச்சின்னா எனக்கு விளி, அவள ஏசாத."

பெபிஷாவின் அம்மாவிடம் நம்பர் வாங்கி அதை டிஜோவுக்கு அனுப்பினார்கள். மஸ்கட்டில் அவன் அதைப் பார்த்துவிட்டதாகப் போனில் நீலக் குறி விழுந்தது. பதில் வரவில்லை. மூன்று நாள் பெமிலா சரியாகச் சாப்பிடவில்லை. அந்த மூன்று நாளும் டிஜோ யோசித்துக்கொண்டிருந்தான். பதினோரு பேர் சேர்ந்து ஒரு பெண்ணைக் காப்பாற்ற விரலை மடக்கிக் காட்டுவது பெரிய காரியமில்லை. ஆகவே வெள்ளிக்கிழமை விடுமுறை நாளில், கம்பெனியிலிருந்து முக்காலியும் அளவுக் கருவியும் எடுத்துக்கொண்டு, பெபிஷாவைக் காரில் ஏறச் சொன்னான். மஸ்கட்டில் ஒரு இடம், நிஸ்வாவில் ஒரு இடம், சூரில் ஒரு இடம். மூன்று இடத்திலும் அவள் காரின் முன்பக்கத்தில் கையை விரித்து வைக்க, அவன் அந்த விரல் காட்டும் திசையை அளந்து எழுதினான். நிஸ்வாவில் வெயில் அதிகமாக இருந்ததால் அவள் கைக்கு மேல் ஒரு கையால் குடை பிடித்துக்கொண்டு, மறு கையால் அளந்தான். வீட்டுக்கு வந்து வரைபடத்தில் மூன்று கோடும் போட்டான். மூன்றும் அரபிக் கடலைத் தாண்டி வந்து மணவாளக்குறிச்சிக் கரையில் பென்சில் முனையளவு இடத்தில் சந்தித்தன. அந்த இடத்தைப் பெரிதாக்கிப் பார்த்தான். வீடு இல்லை, கடை இல்லை. கறுப்பு மண்ணும் கவிழ்த்துப் போட்ட இரண்டு வள்ளமும் இருந்தன. அவன் டிக்கெட்டை ரத்து செய்தான். அம்மாவுக்குப் போன் செய்து சொன்னான்.

"மண்ணா?" என்றாள் அம்மா. "ஆளில்லயே? மண்ணுன்னா போட்டும் மக்கா. மண்ணு என்ன செய்யும்."

அக்டோபர் கூட்டத்தில் பெமிலாவை நீக்குவதைப் பற்றிப் பேச்சு வந்தது. விதி விதிதான் என்றாள் ஜெயபாய். ஆனால் ஜிபின் எழும்பி, பேர் ஒட்டாத மண்ணைப் போட்டதும் போடச் சொல்லிக் கை நீட்டியதும் பார்த்தால் பதினோரு பேரும் வெளியே போக வேண்டும், அப்புறம் இந்தப் பெஞ்சு மட்டும்தான் கூட்டத்துக்கு வரும் என்றான். யோசித்துப் பார்த்தபோது அது சரியாக இருந்தது. பொய்த் தப்பு சொன்னதற்காக பெமிலா ஏழு செவ்வாய்க்கிழமை சாயா போட வேண்டும் என்று தீர்த்தார்கள். எட்டாவது செவ்வாய்க்கிழமையும் அவளே போட்டாள், யாரும் தடுக்கவில்லை, அவள் போடுகிற சாயா கொள்ளாம், நல்ல ருசி. மண்ணை இனி யார் கைக்கும் போடக் கூடாது என்று கரும்பலகையில் எழுதி வைத்தார்கள். பதினோரு சுண்டுவிரலும் அப்படியே நின்றுவிட்டன. பெமிலா நகம் ராவும்போது அவள் சுண்டுவிரல் தனியாக விலகித் தெற்கே நிற்பதைப் பார்த்த காலேஜ் பிள்ளைகள், அது பெரிய ஊர்களில் பழகும் முறை என்று நினைத்து, தாங்களும் அப்படியே விலக்கிப் பிடித்துச் சாயா குடித்தார்கள்.

மறு வருஷம் டிசம்பரில் பெபிஷாவும் டிஜோவும் லீவுக்கு வந்தார்கள். மணவாளக்குறிச்சிக் கரையில் போய் நின்றபோது அவள் விரல்கள் எந்தப் பக்கமும் போகாமல் நேர் கீழே பார்த்துத் தொங்கின. அரை மணிக்கூர் நின்றுவிட்டுத் திரும்பினார்கள். மறுநாள் மார்த்தாண்டத்துக்கு வந்தார்கள். பெமிலா கையிலிருந்ததைக் கீழே வைத்துவிட்டு எழும்பி நின்றாள். எட்டு மாதம் சொல்லாமல் இருந்ததற்கு என்ன சொல்ல வேண்டும் என்று அவள் பல நாள் யோசித்து வைத்திருந்தாள். பெபிஷா நாற்காலியில் உட்கார்ந்து கையை நீட்டினாள்.

"உள்ள இருக்கத எடுக்க முடியாதுன்னு தெரியும்" என்றாள். "மேல ஒரு பூச்சு மட்டும் போடுங்கக்கா. மங்கிப் போச்சு பாத்தியளா."

பெமிலா பத்து நகத்துக்கும் மேல்பூச்சுப் போட்டு, லாம்பில் வைத்து எடுத்து, எண்ணெய் தடவிக் கொடுத்தாள். நாற்காலியைவிட்டு பெபிஷா எழும்பியதும் டிஜோ அதில் உட்கார்ந்து, வலது ஷூவையும் காலுறையையும் கழற்றினான். கடை ஷட்டரைப் பாதி இறக்கச் சொன்னான். தனக்கும் ஒரு நகத்தில் அந்த மண் வேண்டும், கையில் போட்டால் வேலை இடத்தில் கேலி செய்வார்கள், பெருவிரல் போதும் என்றான். பெபிஷா முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டு கண்ணாடிக் குப்பிகளைப் பார்த்தாள். பெமிலா ஷட்டரைப் பாதி இறக்கினாள். தக்கலைக்குப் போன் போட்டு விஷயத்தைச் சொன்னாள்.

"கைக்குப் போடக் கூடாதுன்னுதானே எழுதினோம்" என்றாள் ஜெயபாய். "காலப் பத்தி ஒண்ணும் எழுதலியே."

அவர்கள் ஜனவரியில் மஸ்கட் திரும்பினார்கள். அன்று முதல் டிஜோ எங்கே நின்றாலும் அவன் வலது பாதம் தென்கிழக்கே சாய்ந்து நிற்கிறது. மேஸ்திரி ஒரு பாலக்காட்டுக்காரர், ஒருநாள் காலைப் பார்த்து என்ன என்று கேட்டார். பழைய பந்து விளையாட்டு அடி என்றான் டிஜோ. அப்படியானால் சரி என்று சொல்லிவிட்டு, முக்காலியை அடுத்த வளைவுக்கு எடுத்துக்கொண்டு போகச் சொன்னார்.